ஏற்றத்தில் நின்றுபோகும் பழைய கார்: நின்ற இடத்திலேயே காரணம் கண்டுபிடிப்பது எப்படி?

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போது என் கார் இறம்பொடைக்கு அருகே நான்கு தடவை நின்றது. பத்து நிமிடம் பொறுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். கராஜில் விட்டால் நாள் முழுக்க ஓடும். கார்பரேட்டரை (பெற்றோலைக் காற்றோடு கலக்கும் பாகத்தை) இரண்டு முறை கழற்றிக் கழுவினார்கள், பொறி போடும் நான்கு பிளக்கையும் மாற்றினார்கள், பெற்றோல் பம்பையும் புதிதாகப் போட்டார்கள். ஐந்தாவது தடவை நின்றபோது பின்னால் வந்த தேயிலைக் கொழுந்து லொறியின் சாரதி இறங்கி வந்து, “தம்பி, இருமி இருமி நின்றதா, சட்டென்று அணைந்ததா?” என்று கேட்டார்.

அதுவரை அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை. நானும் கவனித்திருக்கவில்லை. விட்டுவிட்டு வரும் பழுது, கார் ஆறிப்போய் கராஜில் நிற்கும்போது வெளியே வராது. நின்ற முதல் ஐந்து நிமிடத்தில்தான் அது கையில் சிக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்வது என்பதைப் புதியவர்களுக்காக எழுதுகிறேன். கார்பரேட்டர் வைத்த, கையால் கியர் போடும் பழைய பெற்றோல் கார்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். டீசல் வேன்களுக்கு இது பொருந்தாது.

முதலில் வண்டியைப் பத்திரமாக நிறுத்துங்கள்

எஞ்சின் அணைந்ததும் பிரேக்கைத் திரும்பத் திரும்ப விட்டு மிதிக்காதீர்கள். எஞ்சின் ஓடும்போது உண்டாகும் வெற்றிடம்தான் உங்கள் காலுக்குத் துணை நிற்கிறது. எஞ்சின் நின்றபின் அது இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும். ஒரே அழுத்தமாக மிதித்து, பிடித்தபடியே ஓரம் கட்டுங்கள். பவர் ஸ்டியரிங் என்றால் கனக்கும், பலத்தைக் கொடுத்துத் திருப்ப வேண்டும். வண்டி முழுதாக நிற்கும்வரை சாவியை வெளியே எடுக்காதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

நின்றதும் ஹேண்ட் பிரேக், கியர், சக்கரத்துக்கு ஒரு நல்ல முட்டுக்கல். கல்லை மறந்துவிட வேண்டாம். பின்னால் செய்யப்போகும் சோதனைகளுக்குக் கியரை எடுத்துவிட வேண்டியிருக்கும், அப்போது சரிவில் வண்டியைக் காப்பது அந்தக் கல்தான்.

எப்படி நின்றது?

சட்டென்று, சாவியைத் திருப்பி அணைத்ததுபோல நின்றால் பெரும்பாலும் மின்சாரப் பக்கத்துப் பழுது. இழுவை குறைந்து, குலுங்கி, இருமி நின்றால் பெரும்பாலும் பெற்றோல் பக்கம். டாஷ்போர்டில் எஞ்சின் சுழற்சியைக் காட்டும் முள் இருந்தால் அதைப் பாருங்கள். கார் கியரிலேயே உருண்டுகொண்டிருக்கும்போது முள் மட்டும் பூச்சியத்துக்கு விழுந்தால், கொயிலுக்கு (பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் பாகம்) போகும் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். டாஷ்போர்டின் எல்லா விளக்குகளும் சேர்ந்து அணைந்தால் பற்றரி முனை, எர்த் வயர் (பற்றரியைக் காரின் உலோக உடலோடு இணைப்பது), சாவி சுவிட்ச் ஆகியவற்றில்தான் முதலில் தேட வேண்டும்.

காரில் ஒரு சிறு கொப்பி வைத்திருங்கள். இடம், நேரம், வெயிலா பனிமூட்டமா, எத்தனை கிலோமீற்றர் ஓடியபின், தாங்கியில் எவ்வளவு பெற்றோல், ஏற்றமா இறக்கமா, கால் எக்ஸிலேட்டரில் இருந்ததா எடுத்திருந்ததா என்று நின்ற இடத்திலேயே எழுதுங்கள். மூன்று தடவை எழுதினாலே ஒரு ஒழுங்கு தெரியத் தொடங்கும்.

தாங்கி மூடி

பொனட்டைத் திறக்கும் முன் பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து காது கொடுங்கள். அந்த லொறிச் சாரதி செய்தது இதைத்தான். மூடி அரைச் சுற்றுத் திரும்பியதும் ‘உஸ்ஸ்’ என்று நீளமாக ஒரு சத்தம், காற்று உள்ளே இழுபடும் சத்தம். மூடியை வாங்கி உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். காற்று போவதற்கு ஒரு ஊசித் துளைகூட அதில் இல்லை. 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது, திருட்டுக்குப் பயந்து நான் வாங்கிப் போட்ட பூட்டு மூடி அது.

பெற்றோல் வெளியேற வெளியேற அதன் இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெற்றோல் வராது. ஏற்றத்தில் பெற்றோல் அதிகம் செலவாவதால் அந்த வெற்றிடமும் விரைவாக உண்டாகிறது. பத்து நிமிடம் நின்றால் எங்காவது காற்றுக் கசிந்து சரியாகிவிடும். கராஜுக்குள் ஓடும் எஞ்சினில் இது எப்படித் தெரியும்?

பழைய மூடி என்றால் துளை தூசியால் அடைந்திருக்கலாம். இலேசான சத்தம் சில கார்களில் இயல்பு. பலமாக இழுத்தால், மூடியைத் திறந்து மூடியதும் உடனே ஸ்டார்ட் ஆனால், காரணம் அதுதான்.

பொறி வருகிறதா?

இதற்கு அதே வகை பிளக் ஒன்றும் ரப்பர் பிடி வைத்த குறடும் காரில் இருக்க வேண்டும். பெற்றோல் வாடை அடித்தால் இந்தச் சோதனை வேண்டாம். கியரை எடுத்துவிட்டு, ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி உங்கள் பிளக்கில் மாட்டுங்கள். பிளக்கின் உலோக உடல் எஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டபடி இருக்கக் குறடால் பிடியுங்கள். வெறுங்கையால் பிடிக்கவே கூடாது. இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும்.

நீலமாக, ‘டக் டக்’ என்று சத்தத்தோடு பொறி பாய்ந்தால் மின்சாரப் பக்கம் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. மஞ்சளாக, மெலிந்து வந்தாலோ வராவிட்டாலோ அடுத்து டெஸ்ட் லாம்ப், அதாவது மின்சாரம் வந்தால் எரியும் சிறு சோதனை விளக்கு. சாவியைப் போட்டு, கொயிலின் பொசிட்டிவ் முனைக்கும் எர்த்துக்கும் இடையே வைத்துப் பாருங்கள். விளக்கு எரியாவிட்டால் சாவி சுவிட்ச், ஃபியூஸ், வயர் என்று பின்னோக்கித் தேட வேண்டும். வீட்டில் எஞ்சினை ஓடவிட்டு, சாவியை இலேசாக ஆட்டிப் பாருங்கள். சாவிக் கொத்தில் அரைக் கிலோ இரும்பைத் தொங்கவிடும் பழக்கம் இருந்தால் சுவிட்ச் தேய்ந்திருக்கலாம்.

விளக்கு எரிந்தும் பொறி இல்லையென்றால் கொயில், பொயின்ட் (கொயிலின் மின்சாரத்தைத் துண்டித்துப் பொறியை உண்டாக்கும் தொடுமுனை), அதோடு சேர்ந்த கன்டென்சர் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். பொயின்ட் இல்லாத காரில் அதன் இடத்தில் இருக்கும் இலத்திரனியல் பகுதியைப் பார்க்க வேண்டும். பழுதான கொயில் சூடானால் செயலிழந்து, ஆறினால் பிழைத்துக்கொள்ளும். அதனால் அதைச் சூட்டோடு சோதித்தால்தான் பயன்.

பனிமூட்டத்தில் மட்டும் குலுங்கி நிற்கும் காருக்கு டிஸ்ட்ரிபியூட்டரின் (ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்) மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். இரவில் எஞ்சினை ஓடவிட்டு, வெளிச்சமில்லாமல் பொனட்டுக்குள் பார்த்தால், கசியும் வயரின் மேல் நீலப் பொறி ஊர்வது கண்ணுக்கே தெரியும்.

பெற்றோல் வருகிறதா?

எஞ்சினை நிறுத்திய நிலையில் காற்று பில்டர் மூடியை எடுத்து, கார்பரேட்டரின் தொண்டையை (காற்று உள்ளே போகும் வழியை) பார்த்தபடி எக்ஸிலேட்டர் கம்பியைக் கையால் இழுங்கள். மெல்லிய தாரையாகப் பெற்றோல் பீச்சினால் கார்பரேட்டரின் கிண்ணத்தில் பெற்றோல் இருக்கிறது. பீச்சாவிட்டால் மூடி, பில்டர், ரப்பர் குழாய், பம்ப் என்று வரிசையாகப் பாருங்கள். பழைய ரப்பர் குழாய் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உரிந்து வழியை அடைக்கும்.

கொழும்பு–கண்டி வீதியின் கடுகண்ணாவை ஏற்றத்தில் நண்பகல் வெயிலில், லொறி வரிசைக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்து வந்து நின்றதா? குழாய்க்குள் பெற்றோல் ஆவியாகியிருக்கலாம். குழாயிலும் பம்பிலும் ஈரத்துணி போட்டு ஆறவிட்டதும் ஓடினால், குழாய் புகைக்குழாய்க்கு மிக நெருக்கமாகப் போகிறதா என்று பார்த்து விலக்கிக் கட்டுங்கள். தண்ணீர் கலந்த சந்தேகம் இருந்தால் சிறிது பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாகத் தங்கும்.

நுவரெலியாவில் மட்டும் நின்றால்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். கொழும்பில் சரிசெய்த கார்பரேட்டர் அந்த மெல்லிய காற்றுக்கு அதிகப் பெற்றோலைக் கொடுக்கும். பிளக் கறுத்து, வளைவில் காலை எடுத்ததும் எஞ்சின் தடுமாறி அணையும். ஐடில் கலவைத் திருகை (காலை எடுத்திருக்கும்போது போகும் பெற்றோல் அளவைச் சரிசெய்வது) தொடும் முன், அது முழுதாக மூட எத்தனை சுற்று எடுக்கிறது என்று எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். அப்போதுதான் பழைய இடத்துக்குத் திரும்ப முடியும்.

நம் பக்கத்தில் பலரும் நினைத்துப் பார்க்காத இன்னொரு காரணம் பனிக்கட்டி. ஆவியாகும் பெற்றோல் சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சுவதால், ஈரமான குளிர் மாலையில் கார்பரேட்டரின் தொண்டையில் பனி உறைந்து காற்றை அடைக்கும். நின்றதும் எஞ்சின் சூட்டில் உருகி, தடயமே இல்லாமல் போய்விடும். உடனே பொனட்டைத் திறந்து, கார்பரேட்டரின் உடல் வியர்த்துச் சில்லென்று இருக்கிறதா என்று பாருங்கள். புகைக்குழாய்ப் பக்கத்திலிருந்து காற்று பில்டருக்குச் சூடான காற்றைக் கொண்டுவரும் குழாய் பழைய கார்கள் பலவற்றில் காணாமல் போயிருக்கும். அதைத் திரும்ப மாட்டுவதுதான் மருந்து.

எலக்ட்ரோனிக் இன்ஜெக்ஷன் கார் என்றால்

இந்தக் கார்களில் கார்பரேட்டர் இல்லை, கணினிதான் பெற்றோலைப் பீச்சவைக்கிறது. சாவியைப் போட்டதும் பின் இருக்கைப் பக்கம் பம்ப் இரண்டு விநாடி முரலும். அது கேட்காவிட்டால் பம்பின் ரிலேயை (பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) பாருங்கள். பம்ப் முரல்கிறது, பொறி மட்டும் இல்லை, ஆறினால் ஓடுகிறது என்றால் எஞ்சின் சுழற்சியைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சரைச் சந்தேகியுங்கள். அதற்குமேல், கணினியில் பதிவான பழுதை வாசிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் கொப்பியோடு போங்கள்.

சரிசெய்த பிறகு

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிறகு அதே ஏற்றத்தில், அதே நேரத்தில், தாங்கியில் ஏறக்குறைய அதே அளவு பெற்றோலோடு ஓட்டிப் பாருங்கள். நான் துளையுள்ள மூடியைப் போட்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கம்பளையிலிருந்து ஏறினேன். ஒவ்வொரு முறையும் இறம்பொடையில் நிறுத்தி மூடியைத் திறந்து காது வைத்தேன். கீழே விழும் நீர்வீழ்ச்சியின் சத்தம்தான் கேட்டது.