சாஞ்சு விழுந்த புல்லட்ட தனி ஆளா நிமித்தறது எப்படி

வெயிட்டான வண்டி வெச்சிருக்கற எல்லாருக்கும் ஒரு நாள் இது நடக்கும், ஓட்டத் தெரியாததால இல்ல. பெரும்பாலும் ஓடும்போது சாயறதே இல்ல, நிக்கும்போதுதான் சாயும். பெட்ரோல் பங்க்ல கால் ஊனற எடத்துல டீசல் சிந்திருக்கும், யூ டர்ன் அடிக்கற எடத்துல ஜல்லி கெடக்கும், இல்லன்னா மழைக்கு இளகுன மண்ணுல சைடு ஸ்டாண்ட் போட்டுட்டு டீ குடிக்கப் போயிருப்போம், ஸ்டாண்ட் மெதுவா உள்ள இறங்கி வண்டி படுத்திருக்கும். லைசென்ஸ் எடுக்கப் போனா எட்டு போட சொல்லித் தராங்க, விழுந்த வண்டிய எப்படி எடுக்கறதுன்னு யாரும் சொல்லித் தர மாட்டேங்கறாங்க. ஓசூர்ல வண்டி ஃபேக்டரியே இருக்கு, நம்ம பக்கம் வீட்டுக்கு ஒரு வண்டி நிக்குது, ஆனா இது தெரியாம இடுப்ப புடிச்சுக்கிட்டு நடக்கறவங்க எத்தனையோ பேரு. அதுல நானும் ஒருத்தன், அதனாலதான் எழுதறேன்.

ரெண்டு வருசம் முன்னாடி ஐப்பசி மழைல பென்னாகரத்துல இருந்து ஒகேனக்கல் இறங்கிட்டு இருந்தேன், கிளாசிக் 350. ஒரு வளைவு முடிஞ்ச எடத்துல ஓரமா நிறுத்தலாம்னு இடது கால ஊனுனா தார் முடிஞ்சு ஒரு சாண் பள்ளம், கால் எட்டல, வண்டி அப்படியே சாஞ்சுருச்சு. எனக்கு ஒண்ணும் ஆகல. ஆனா பின்னாடி ரெண்டு கார் வந்து நின்னுச்சு, நாலு பேரு பாக்கறாங்கங்கற கூச்சத்துல எதையும் யோசிக்காம ஹேண்டில ரெண்டு கையாலயும் புடிச்சு குனிஞ்சு ஒரே இழுப்பு இழுத்தேன். வண்டி ஒரு முழம் எந்திரிச்சுது, இடுப்புல சுருக்குன்னு புடிச்சுது, விட்டுட்டேன். அதுக்கப்பறம் 3 வாரம் கீழ உக்காந்து சாப்பிட முடியல, ஷூ லேஸ் கட்ட குனிய முடியல. வண்டி விழுந்ததுல எனக்கு அடி படல, தூக்குன அவசரத்துலதான் பட்டுச்சு, இத நல்லா மனசுல வெச்சுக்கங்க.

அந்த வலியோட தருமபுரில ஒரு புளி மண்டி பக்கத்து டீக்கடைல நின்னுட்டு இருந்தப்ப மூட்டை தூக்கற பெரியவர் ஒருத்தர் என்னப் பாத்துட்டு என்னாச்சுப்பான்னு கேட்டாரு. சொன்னேன். "ஏம்ப்பா, இடுப்புல தூக்குனா இடுப்பு போவத்தான் செய்யும், தொடைல தூக்கணும்"னு சொல்லிட்டு எப்படின்னு காட்டுனாரு. மூட்டைக்கு முதுக காட்டி உக்காந்தாரு, மூட்டை முதுகுல சாஞ்சுது, தலைய நிமித்துனாரு, முதுகு பலகை மாதிரி நேரா இருக்கு, கால் ரெண்டும் மட்டும் எந்திரிக்குது. அவ்ளோதான் விசயமே. வண்டியும் அதே மாதிரிதான், அதுக்கு முகத்த காட்டி இழுக்கக் கூடாது, முதுக காட்டி தள்ளணும்.

கிளாசிக் 350ஓட 195 கிலோவ எப்படிங்க ஒருத்தன் தூக்கறதுன்னு கேப்பீங்க. ஸ்ப்ளெண்டர் 112 கிலோதான், அத எப்படியோ இழுத்துரலாம், புல்லட், ஹிமாலயன், 650 சிசி வண்டி எல்லாம் அப்படி இல்ல, சூப்பர் மீட்டியார் 650 மட்டும் 241 கிலோ. ஆனா நாம அந்த மொத்த எடையயும் தூக்கறது கெடையாது. டயர் ரெண்டும் தரைலதான் இருக்கு, அது கதவு கீல் மாதிரி, நாம கதவத்தான் திருப்பறோம். வண்டி தரைய விட்டு எந்திரிக்கற ஆரம்பத்துலதான் கனம், மேல வர வர லேசாகும், நேரா நிக்கற எடத்துல ஒரு கை போதும். அதனாலதான் கடைசில வேகமா தள்ளுனா அந்தப் பக்கம் போய் விழுந்துரும், அதையும் பாத்திருக்கேன். டேங்க் ஃபுல்லா இருந்தா 13 லிட்டர், கிட்டத்தட்ட 10 கிலோ, அதுவும் மேல உக்காந்திருக்கு, கொஞ்சம் கூடுதலா கனக்கும்.

இனி வேலைக்கு வருவோம். வண்டி விழுந்ததும் மொதல்ல உங்களப் பாருங்க, வண்டிய இல்ல. கை கால அசைச்சுப் பாருங்க, தலை சுத்துதான்னு பாருங்க, விழுந்த பதட்டத்துல அடி பட்டது ஒடனே தெரியாது. வண்டிக்கு அடில கால் மாட்டிருந்தா இழுத்துப் புடுங்காதீங்க, யாராவது வர வரைக்கும் இருங்க. அப்பறம் கில் சுவிட்ச் (ஹேண்டில்ல இருக்கற, இன்ஜின நிறுத்தற சுவிட்ச்), சாவி ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க. புது வண்டில சாஞ்சா இன்ஜின தானா நிறுத்தற சென்சார் இருக்கு, பழைய கார்புரேட்டர் வண்டி படுத்துக்கிட்டே ஓடும், பின் வீல் சுத்திட்டு இருக்கும், அதுல கை வெச்சா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. பெட்ரோல் காக் இருந்தா அதயும் மூடுங்க. பெட்ரோல் வாசன வந்தா பக்கத்துல பீடி சிகரெட் புடிக்கறவங்கள தள்ளிப் போகச் சொல்லுங்க, உதவிக்கு வர்றவரு கைலயே பீடி இருக்கும், கவனம். சைலன்சர் சூடா இருக்கும், ஷார்ட்ஸ் போட்டுட்டு வேலை பாக்காதீங்க.

அடுத்து வண்டி உருளாம பண்ணணும், நெறய பேரு இத மறந்துருவாங்க, பாதி தூக்கும்போது வண்டி முன்னாடி ஓடி மறுபடி விழும். எந்தப் பக்கம் விழுந்துருக்குன்னு பாருங்க. வலது பக்கம் விழுந்திருந்தா ரொம்ப நல்லது, கியர் லீவரும் சைடு ஸ்டாண்டும் இடது பக்கம்தான இருக்கு, ரெண்டும் மேல தெரியும். பின் வீல கையால லேசா ஆட்டிக்கிட்டே கியர ஃபர்ஸ்ட்ல போடுங்க, சைடு ஸ்டாண்ட தூக்கறதுக்கு முன்னாடியே விரிச்சு விட்டுருங்க, வண்டி நிமிந்து கொஞ்சம் அந்தப் பக்கம் சாஞ்சாலும் ஸ்டாண்ட்ல போய் நிக்கும். இடது பக்கம் விழுந்தா கியரும் ஸ்டாண்டும் அடில மாட்டிக்கும், ஆனா முன் பிரேக் லீவர் மேல இருக்கும், தோள்ல இருக்கற துண்ட எடுத்து லீவர கிரிப்போட சேத்து இறுக்கிக் கட்டிருங்க, துண்டு இல்லன்னா கர்ச்சீப், ரப்பர் பேண்ட், எதுவா இருந்தாலும் சரி. வலது பக்கம் கியர் இருக்கற பழைய புல்லட் வெச்சிருக்கறவங்க கியர் விசயத்துல மட்டும் தலைகீழா படிச்சுக்கங்க.

கால் வெக்கற எடத்த சுத்தம் பண்ணுங்க. ஜல்லி, மணல், ஈர எல எல்லாத்தையும் செருப்பாலயே தள்ளி விடுங்க, நம்ம ரோட்டோர புளிய மரத்தடில மழைக்கு எல விழுந்து கெடந்தா சோப்பு மாதிரி வழுக்கும். தொடைல எவ்ளோ பலம் இருந்தாலும் கால் வழுக்குனா எல்லாம் போச்சு.

இப்ப ஹேண்டில, வண்டி விழுந்த பக்கமே முழுசா திருப்புங்க. இடது பக்கம் விழுந்திருந்தா இடது பக்கம். அப்ப கீழ இருக்கற கிரிப் டேங்க் பக்கமா உங்ககிட்ட வரும். வண்டிக்கு முதுக காட்டித் திரும்பி, சீட்டோட ஓரத்துல உங்க பின்பக்கம் படற மாதிரி குத்துக்கால் போட்டு உக்காருங்க, முதுகு இல்ல, பின்பக்கம், அதாவது இடுப்புக்குக் கீழ. இடது பக்கம் விழுந்த வண்டின்னா வலது கைல அந்தக் கிரிப்ப அடிலருந்து புடிங்க, மணிக்கட்டு மடங்காம நேரா இருக்கட்டும், இடது கைய பின்னாடி கொண்டு போய் கிராப் ரெயில (சீட்டுக்குப் பின்னாடி இருக்கற கைப்பிடி) இல்லன்னா ஃபிரேம புடிங்க. வலது பக்கம் விழுந்திருந்தா கை ரெண்டும் மாறும். இண்டிகேட்டர், சாரி கார்டு, சைலன்சர் இதுங்கள மட்டும் புடிக்காதீங்க, ஒண்ணு ஒடியும், ஒண்ணு வளையும், ஒண்ணு சுடும். கால் ரெண்டுக்கும் நடுவுல ஒரு அடி இடைவெளி, குதிகால் தரைல அழுத்தமா.

தலைய நிமித்தி எதிர்ல தூரமா ஒரு மரத்தப் பாருங்க, கீழ பாத்தா முதுகு வளஞ்சுரும். மூச்ச இழுத்து, கை ரெண்டையும் கயிறு மாதிரி நீட்டி வெச்சுக்கிட்டு, அதுங்க புடிச்சுக்கறதுக்கு மட்டும்தான், தூக்கறதுக்கு இல்ல, கால தரைல அழுத்தி பின்பக்கத்தால சீட்ட பின்னாடி தள்ளுங்க. ஒரே எக்குல வேண்டாம். லெக் கார்டு (இன்ஜினுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் நீட்டிட்டு இருக்கற இரும்புக் கம்பி) தரைல இருக்கற வரைக்கும் லேசா வரும், அது தரைய விடும்போது திடீர்னு கனம் உங்க மேல எறங்கும், அந்த எடத்துலதான் எல்லாரும் பயந்து விட்டுருவாங்க. விடாதீங்க, பின்னாடி பின்னாடி சின்னச் சின்ன அடியா, ஒரு பாதம் அளவுக்கு நகந்துக்கிட்டே போங்க. நாலஞ்சு அடில கனம் கொறையறது உங்களுக்கே தெரியும். அப்படி கொறையறப்ப வேகத்தயும் கொறைங்க. இடது பக்கத்துல இருந்து தூக்குனவங்க வண்டிய இடுப்புல சாச்சுக்கிட்டு குதிகாலால ஸ்டாண்ட தேடி இழுத்து விடுங்க, வலது பக்கத்துல இருந்து தூக்குனவங்க ஏற்கனவே விரிச்ச ஸ்டாண்ட் மேல மெதுவா சாச்சு விடுங்க.

முடியலன்னா கீழ வெச்சுட்டு அஞ்சு நிமிசம் உக்காருங்க. ஒடனே ஒடனே மூணு நாலு தடவ முயற்சி பண்ணா தொட நடுங்க ஆரம்பிச்சுரும், அப்பறம் நல்ல முறைல செஞ்சாலும் வராது. டிஸ்க் பிரச்சன, ஹெர்னியா, வயித்துல ஆபரேஷன் பண்ணவங்க, கர்ப்பமா இருக்கறவங்க இத செய்யவே வேண்டாம், நின்னு ஒரு ஆள கூப்புடுங்க, நம்ம ஊர்ல கூப்புட்டா யாரும் வராம போக மாட்டாங்க.

ஆளு வந்தாலும் ஒரு விசயம் இருக்கு. நாலு பேரு நாலு பக்கம் புடிச்சு ஆளாளுக்கு இழுப்பாங்க, அதுல வெரல் நசுங்கும். நீங்கதான் வண்டிக்காரரு, நீங்கதான் சொல்லணும். ரெண்டு பேரா இருந்தா ரெண்டு பேரும் வண்டி விழுந்த பக்கமே, ஒருத்தர் ஹேண்டில் கிட்ட, ஒருத்தர் பின்னாடி. மூணாவது ஆளு இருந்தா மட்டும் எதிர்ப் பக்கம் நின்னு, வண்டி அவரு பக்கம் சாஞ்சு வந்தா தாங்கிக்கட்டும். "ண்ணா, மூணு சொல்லும்போது"ன்னு சத்தமா சொல்லிட்டு எண்ணுங்க.

சரிவுல விழுந்துட்டா அப்படியே தூக்கப் பாக்காதீங்க. டயர் மேட்டுப் பக்கமும் ஹேண்டில், சீட்டு பள்ளத்துப் பக்கமும் இருந்தா அது மோசமான படுக்கை, தூக்க ரொம்ப கனக்கும். லெக் கார்டு இல்ல ஃபுட்ரெஸ்ட் தரைல ஊனி இருக்கும்ல, அத அச்சா வெச்சு முன் வீல புடிச்சு இழுத்து வண்டிய படுத்த வாக்குலயே சுத்தி, டயர் பள்ளத்துப் பக்கம் வர மாதிரி பண்ணுங்க. பெயிண்ட் உரசும், பரவால்ல. இப்ப வண்டி பாதி நிமிந்த மாதிரிதான், மேட்டுல நின்னு தூக்கலாம், ஆனா நேரா நிக்கற எடத்த தாண்டிட்டா பள்ளத்துப் பக்கம் போயிரும், தனியா இருந்தா ரொம்ப நிதானம்.

நேஷனல் ஹைவேல, முக்கியமா தொப்பூர் எறக்கத்துல விழுந்தா மேல சொன்னது எதுவும் மொத வேல இல்ல. அங்க லாரி பிரேக் புடிக்கறதே கஷ்டம். வண்டிய அப்படியே விட்டுட்டு ரோட்டுக்கு வெளிய வாங்க, பின்னாடி வர்ற வண்டிங்களுக்கு தூரத்துலயே கை காட்டுங்க, ஹைவே உதவி எண் 1033க்கு போன் போடுங்க, அடி பட்டிருந்தா 108. லெக் கார்டு வளஞ்சா மாத்திக்கலாம்ங்க. அதே மாதிரி ஒகேனக்கல் காட்டு ரோடு, அஞ்செட்டி ரோடு ரெண்டுலயும் யானை கடக்கும், பொழுது எறங்கற நேரம்னா ரெண்டு தடவ முயற்சி பண்ணுங்க, வரலன்னா வர்ற பஸ்ஸ நிறுத்தி ஏறிருங்க.

நிமித்துனதும் ஒடனே செல்ஃப் அடிக்காதீங்க, அஞ்சு பத்து நிமிசம் நிக்கட்டும், ஆயில் கீழ எறங்கணும். அதுக்குள்ள சுத்தி வந்து பாருங்க. கிளட்ச், பிரேக் லீவர் வளஞ்சிருக்கா, பிரேக் புடிச்சா கல்லு மாதிரி நிக்குதா இல்ல பொதுபொதுன்னு உள்ள போகுதா, கியர் லீவர் இன்ஜின் கேசுல இடிக்குதா, ஹேண்டில் ரெண்டு பக்கமும் முழுசா திரும்புதா, ஆக்சிலேட்டர் விட்டா தானா திரும்பி வருதா, அடில ஆயில் சொட்டுதா. துண்ட அவுக்க மறந்துராதீங்க. சென்சார் உள்ள வண்டில சாவிய ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணாதான் ஸ்டார்ட் ஆகும், இது தெரியாம வண்டி செத்துப் போச்சுன்னு டெம்போ புடிச்சவங்கள எனக்குத் தெரியும். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் வெள்ளப் புகை வந்தா ஏர் ஃபில்டர் பக்கம் ஆயில் போயிருக்கும், சீக்கிரமே நின்னுரும், நிக்கவே இல்லன்னா மெக்கானிக்கிட்ட காட்டுங்க. ரொம்ப நேரம் சாஞ்சு கெடந்து செல்ஃப் அடிச்சா டக்குன்னு முட்டி நிக்குதுன்னா மறுபடி மறுபடி அடிக்காதீங்க, அதயும் மெக்கானிக் பாத்துக்கட்டும்.

இதெல்லாம் படிச்சுட்டு போனா ரோட்டுல ஞாபகம் வராது, ஒரு தடவ வீட்லயே செஞ்சு பாக்கணும். எங்க ஊர்ல அறுவட முடிஞ்ச களத்துல ராகித்தாள ஒரு அடி உயரத்துக்குப் பரப்பி மேல ரெண்டு கோணிப்பை போட்டு, டேங்க்ல பெட்ரோல் கம்மியா இருக்கற நாளா பாத்து, ரெண்டு பேரு புடிச்சு வண்டிய மெதுவா லெக் கார்டு மேல படுக்க வெச்சோம். அக்கா பொண்ணுக்கு 50 கிலோ கூட இருக்காது, ஓசூர்ல வேலைக்குப் போகுது, ஹிமாலயன் வாங்கணும்னு ஆச, வாங்குனா யாரு தூக்கி விடுவாங்கன்னு அக்காவுக்கு பயம். மொத தடவ கைய மடக்கி இழுத்துச்சு, வண்டி அசையல. "கைய விடு பாப்பா, கால தள்ளு"ன்னேன். ரெண்டாவது தடவ லெக் கார்டு தாள விட்டு எந்திரிச்ச எடத்துல பயந்து நின்னுச்சு, மறுபடி எறக்குனோம். மூணாவது தடவ கண்ண எதிர்ல இருந்த மாமரத்து மேல வெச்சுக்கிட்டு குட்டிக் குட்டி அடியா பின்னாடி போயி நிமித்திருச்சு, ஸ்டாண்ட் போட்டுட்டு லெக் கார்டுல சிக்குன தாள ஒண்ணொண்ணா உருவிக்கிட்டே, "மாமா, இப்ப வலது பக்கம் படுக்க வெய்யுங்க, அதயும் பாத்துர்றேன்"னுச்சு.