காரின் டிஆர்எல் விளக்கை அணைப்பது எப்படி? ஃப்யூஸில் கை வைப்பதற்கு முன் படியுங்கள்

மாதம் ஒருமுறை அம்மாவை ஜிப்மருக்குச் செக்கப்புக்கு அழைத்துப்போக வேண்டும். வரிசையில் முன்னால் நிற்கவேண்டுமே என்று தேவனாம்பட்டினத்திலிருந்து விடியற்காலை நாலரைக்கே கிளம்பிவிடுவோம். அம்மாவுக்கு முட்டிவலி. படியிறங்கி, சீட்டில் உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைக்க ஐந்து நிமிடமாவது ஆகும். கடலோரப் புழுக்கத்துக்கு ஏசி ஓடவேண்டும், அதனால் இன்ஜினும் ஓடும். தெருவோ குறுகல். இன்ஜின் ஓடும்போது தானாகவே எரியும் பகல்நேர முன்விளக்கு ஒன்று உண்டே, அதுதான் டிஆர்எல். அந்த வெளிச்சம் நேராக எதிர்வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் பெரியவர் முகத்தில் விழும். அவர் ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு திரும்பிப் படுப்பார். அதைப் பார்த்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை.

எனக்கு வேண்டியது வண்டி நிற்கும்போது மட்டும் விளக்கு அணைவது. ஓடும்போது எரியத்தான் வேண்டும். எதிரில் வருபவர் கண்ணில் வண்டி சீக்கிரம் படவேண்டும் என்பதற்காகத்தானே அந்த விளக்கே இருக்கிறது! ஐரோப்பாவில் 2011 முதல் புது மாடல் கார்களுக்கு அது கட்டாயம். நம் ஊரில் 2017 ஏப்ரலிலிருந்து புது பைக்குகளில் ஹெட்லைட் தானாகவே எரிவதும் இதே காரணத்துக்குத்தான். நிரந்தரமாகப் பிடுங்கிப்போட நினைப்பவர்களுக்கு நான் வழி சொல்லமாட்டேன்.

படி 1: சுவிட்சும் மெனுவும்

லைட் திருகும் சுவிட்சை ஆட்டோவிலிருந்து ஆஃபுக்குக் கொண்டுவந்து பாருங்கள். அப்புறம் மீட்டர் திரையிலோ டச் ஸ்கிரீனிலோ லைட் செட்டிங்கைத் திறந்து பாருங்கள். டிஆர்எல் என்று ஒரு வரி இருந்தால் டிக்கை எடுத்துவிடலாம், வேலை முடிந்தது. என் வண்டியில் இல்லை.

படி 2: ஹேண்ட் பிரேக்

சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால் டிஆர்எல் எரியாது. நானும் இழுத்துப் பார்த்தேன், அணையவில்லை. (இதைப்பற்றிக் கடைசியில் மறுபடி பேசவேண்டியிருக்கிறது.)

படி 3: ஃப்யூஸ்

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். பொறுமையாகப் படியுங்கள்.

ஃப்யூஸ் பெட்டி பெரும்பாலும் பானெட்டுக்குள் ஒன்று, டேஷ்போர்டுக்குக் கீழே ஒன்று என்று இரண்டு இருக்கும். மூடியின் உள்பக்கப் படத்தையும் வண்டியோடு வந்த கையேட்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். இடது விளக்குக்கும் வலது விளக்குக்கும் தனித்தனி ஃப்யூஸ் இருக்கலாம். தொடுவதற்கு முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்பி வெளியே எடுத்த பிறகுதான் ஃப்யூஸை உருவவேண்டும்.

எங்கள் தெருவில் கதவுக் கீல்கூட ஒரு வருஷத்தில் துருப்பிடிக்கும். அந்த உப்புக்காற்று ஃப்யூஸ் பெட்டியையும் விட்டுவைக்கவில்லை. சிவப்பு நிற 10 ஆம்பியர் ஃப்யூஸைக் கட்டிங் பிளேயரால் பிடித்து இழுத்தேன். மேலே இருந்த பிளாஸ்டிக் மட்டும் நொறுங்கிக் கையோடு வந்தது. இரண்டு கால்களும் பச்சைக் களிம்பேறி உள்ளேயே இறுகி நின்றுவிட்டன. அந்த நிலையில் பேட்டரியைக் கழற்றாமல் உலோகக் குறடை உள்ளே விடவே கூடாது, பக்கத்து ஃப்யூஸில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும். 10 நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன். கான்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடித்துக் கொஞ்சநேரம் ஊறவிட்டு, மூக்குக் குறடால் ஒவ்வொரு காலாக நேர்மேலே இழுத்து எடுத்தேன். பக்கவாட்டில் ஆட்டினால் உள்ளிருக்கும் கவ்வி அகன்றுவிடும், பிறகு புது ஃப்யூஸ் லொடலொடக்கும்.

ஃப்யூஸ் உருவப் பெரும்பாலும் பெட்டி மூடிக்குள்ளேயே ஒரு சின்னப் பிளாஸ்டிக் இடுக்கி செருகியிருக்கும். இல்லையென்றால் கடையில் வாங்கிவிடுங்கள். இந்த வேலைக்கு அதைவிட நல்ல கருவி கிடையாது. ஃப்யூஸ் எரிந்திருக்கிறதா என்று பார்க்க எனக்கு மல்டிமீட்டரைவிட டெஸ்ட் லேம்ப்தான் பிடிக்கும். ஒரு முனையில் கிளிப்பும் மறுமுனையில் ஊசியும் உள்ள சின்னச் சோதனை விளக்கு அது. இக்னிஷனைப் போட்டு, கிளிப்பை வண்டியின் உலோக பாடியில் மாட்டி, ஃப்யூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளையும் ஊசியால் தொடுங்கள். இரண்டிலும் லேம்ப் எரிந்தால் ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது. ஒன்றில் மட்டும் லேம்ப் எரிந்தால் ஃப்யூஸ் போய்விட்டது. மறுபடி மாட்டும்போது அதே ஆம்பியர்தான் மாட்டவேண்டும்.

சரி, டிஆர்எல் அணைந்தது. அன்று சாயங்காலம்தான் கவனித்தேன், முன்பக்கப் பார்க் லைட்டும் எரியவில்லை. என் வண்டியில் இரண்டும் ஒரே எல்இடி. பகலில் முழு வெளிச்சம், ஹெட்லைட் போட்டால் அதுவே மங்கலாகிப் பார்க் லைட் ஆகிவிடும். ஃப்யூஸை எடுத்தால் இரண்டும் போகும். ஆகவே ஃப்யூஸை எடுத்தவுடன் எல்லா விளக்கையும் ஒருமுறை போட்டு, வண்டியைச் சுற்றிவந்து பாருங்கள்.

இன்னொன்று. பெரும்பாலான வண்டிகளில் டிஆர்எல் எரியும்போது பின்விளக்கு எரியாது. முன்னால் வெளிச்சம் தெரிகிறதே என்று பொழுது சாய்ந்த பிறகும் ஹெட்லைட் போடாமல் ஈசிஆரில் போகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பின்னால் வரும் லாரிக்காரருக்கு அந்த வண்டி வெறும் இருட்டு. தயவுசெய்து சுவிட்சைத் திருகுங்கள்.

பின்னர் சேர்த்தது

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார்: "ஹேண்ட் பிரேக்கை முதலில் போட்டுவிட்டு அப்புறம் ஸ்டார்ட் செய்து பாருங்கள் அண்ணா." வரிசைதான் விஷயம்! ஸ்டார்ட் ஆகி விளக்கு ஒருமுறை எரிந்துவிட்டால், சாவியை ஆஃப் செய்யும்வரை என் வண்டியில் அணையாது. முதலில் ஹேண்ட் பிரேக், பிறகு சாவி என்று செய்தால் விளக்கு எரிவதே இல்லை. பிரேக்கை இறக்கியதும் தானாக எரிகிறது. ஃப்யூஸைப் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டேன். போன முறை அம்மா ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தும்வரை, பெரியவரின் துண்டு தலைமாட்டிலேயே மடித்தபடி இருந்தது.

அந்தப் பதிலைப் படித்த இன்னொருவர், ஹேண்ட் பிரேக்கை ஒரே ஒரு கிளிக் ஏற்றிவைத்து அப்படியே ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம். பின்சக்கரத்தில் பிரேக் உரசி உரசிச் சூடேறிவிடும். ஒயரை வெட்டலாமா என்பதற்கும் அதே பதில்தான். வாரண்டிச் சிக்கல் ஒருபக்கம், வெட்டிய முனையில் எங்கள் ஊர் உப்புக்காற்று செய்யும் வேலை இன்னொரு பக்கம்.