ஈயூஎஸ்ஸில் நெறிக்கட்டியைப் பார்ப்பது எப்படி

சிடி ரிப்போர்ட்டில் "நெஞ்சுக்குள் நெறிகட்டியிருக்கிறது, 18 மில்லிமீட்டர்" என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும், அந்தக் குடும்பம் அன்றிரவு தூங்காது. காசநோயா, புற்றா, வேறு ஏதாவதா என்று கேட்டுத்தான் நம்மிடம் அனுப்புகிறார்கள். ஈயூஎஸ், அதாவது வாய்வழியே உள்ளே விடும் ஸ்கோப்பின் முனையிலிருந்து பார்க்கும் அல்ட்ராசவுண்ட், அதைப் புதிதாகப் பழகும் டாக்டர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஸ்கோப்பைக் கையில் எடுக்கும் முன் சிடி படத்தை நீங்களே உட்கார்ந்து பாருங்கள். நோடு (நெறிக்கட்டி) உணவுக்குழாயை ஒட்டி இருக்கிறதா, நடுவில் மூச்சுக்குழாய் குறுக்கே வருகிறதா? மூச்சுக்குழாய்க்கு முன்னால் இருப்பதைக் காற்று மறைத்துவிடும், அதற்கு மூச்சுக்குழாய் வழியாகப் பார்க்கும் அல்ட்ராசவுண்டான ஈபஸ்தான் சரி. ரத்தம் உறைவதைக் காட்டும் ஐஎன்ஆர், பிளேட்லெட், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை, இதெல்லாம் வழக்கம்போல.

ஊசி போட வேண்டும் என்பதால், ஊசி போகும் வழியைப் படத்தில் காட்டும் லீனியர் ஸ்கோப். பல்லிலிருந்து ஏறக்குறைய 30 சென்டிமீட்டரில் இதயத்தின் இடது ஏட்ரியம் துடிப்பது தெரியும். அங்கிருந்து மெதுவாக மேலே இழுத்தால் வலது நுரையீரல் தமனி வட்டமாக வரும், இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் கரைனாவுக்கு (மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம்) கீழுள்ள நோடு. வயிற்றுப் பக்கம் என்றால் அயோர்ட்டாவை விடாமல் பிடித்துக்கொண்டு இறங்குங்கள், உதரவிதானம் தாண்டி முதலில் பிரியும் பெரிய கிளை சீலியாக் தமனி, அதைச் சுற்றித் தேடுங்கள். எது தெரிந்தாலும் உடனே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் போடுங்கள், குறுக்கே வெட்டிய ரத்தக்குழாயும் உருண்டையாகத்தான் தெரியும்.

சரி, நோடு கிடைத்துவிட்டது. 1994-ல் கட்டலானோ குழுவினர் சொன்ன நான்கு அடையாளங்களை இன்றும் பார்க்கிறோம்: 10 மில்லிமீட்டருக்கு மேல், உருண்டை வடிவம், கூர்மையான விளிம்பு, உள்ளே ஒரே சீரான கறுப்பு. நான்கும் சேர்ந்தால் புற்று என்ற சந்தேகம் வலுக்கும். ஆனால் புற்று பரவிய நோடுகளில் ஏறக்குறைய கால்வாசியில்தான் நான்கும் ஒன்றாக இருக்கும், அதனால் இல்லை என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள். அப்புறம் நம் ஊரில் இன்னொரு சிக்கல், காசநோய் நோடும் பெரிதாக, கறுப்பாக வரும். ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருப்பது, உள்ளே திட்டுத் திட்டாக அழுகியது, சுண்ணாம்புப் புள்ளி, இவை காசநோய்ப் பக்கம் சாயவைக்கும். சாயவைக்கும், அவ்வளவுதான். படத்தை மட்டும் வைத்து "புற்றுபோல இருக்கிறது" என்று வீட்டாரிடம் சொல்லிவிடாதீர்கள், மாத்திரையில் குணமாகும் ஒருவரை அந்த வார்த்தை உடைத்துவிடும்.

முடிவு சொல்வது ஊசிதான். 22 கேஜ் பெரும்பாலும் போதும், லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்று) சந்தேகம் என்றால் திசுத்துண்டு வரும் ஊசியாக எடுங்கள். புற்றுக்கட்டியின் வழியாக ஊசியைக் கொண்டுபோய் நோடைக் குத்தக் கூடாது, வழியில் ஒட்டிய செல்லே நோடில் இருந்ததாகக் கணக்காகிவிடும். ஒரே புற்றுக்குப் பல நோடுகள் குத்துவதாக இருந்தால், தூரத்தில் இருப்பதை முதலில் குத்துங்கள். முழுக் கறுப்பாக, பின்னால் வெளிச்சம் கூடித் தெரிந்தால் அது நீர்க்கட்டியாக இருக்கலாம், நெஞ்சுக்குள் இருக்கும் நீர்க்கட்டியைக் குத்தாதீர்கள், சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து.

எடுத்ததை எங்கே போடுகிறீர்கள் என்பதில்தான் நிறைய வேலை வீணாகிறது. நான் பழகிய காலத்தில் ஒருமுறை மூன்று தடவை குத்தி எடுத்த எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டேன், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை, அந்த அம்மாவை இரண்டாம் முறை பட்டினி போட்டு வரவழைக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து சிரிஞ்சைத் தொடும் முன்பே சலைன் குப்பியில் பெயர் எழுதி வைத்துவிடுவேன். ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கும் (காசநோய்க் கிருமியின் மரபணுச் சோதனை) கல்ச்சருக்கும் சலைன், செல்களைத் திரட்டி வெட்டிப் பார்க்கும் செல் பிளாக்குக்கு ஃபார்மலின், லிம்ஃபோமா என்றால் செல் வகையைப் பிரித்துப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்குத் தனியாக ஒன்று, அதையும் லேபில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ரிசல்ட் வந்ததும் "புற்று செல் இல்லை" என்ற வரியோடு நிற்காமல், ஸ்லைடில் லிம்ஃபோசைட் (நோடில் நிறைந்திருக்கும் வெள்ளை அணு) இருந்ததா என்று பாருங்கள். அது இல்லையென்றால் ஊசி நோடுக்குள் போனதற்கே சான்று இல்லை, திரும்பக் குத்த வேண்டும்.