கொமடோர் 64-இல் திரை வரவில்லையா? பவர் சப்ளையிலிருந்து தொடங்குங்கள்

பழைய விளையாட்டுகளை அவற்றுக்குரிய கருவியிலேயே ஆட விரும்பி, 1982-இல் வெளிவந்த கொமடோர் 64 கணினியை வாங்குவோர் பலருக்கும் முதலில் காணக் கிடைப்பது வெறும் கறுப்புத் திரைதான். உடனே மூடியைத் திறந்து சிப்புகளை மாற்றத் தொடங்காதீர்கள். இக்கணினியில் பழுதைக் கண்டறிவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையை மீறினால், நன்றாக இருக்கும் சிப்புகளையும் இழக்க நேரிடும்.

சரியான தொடக்கம் எப்படியிருக்கும் என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். சுவிட்சைப் போட்ட இரண்டு மூன்று வினாடிகளில், வெளிர்நீல ஓரமும் அடர்நீலப் பின்னணியும் கொண்ட திரை வரும். அதில் கணினியின் பெயர், 38911 பைட் காலியாக உள்ளது என்ற வரி, ‘ரெடி’ என்ற சொல், அதன் கீழே மினுங்கும் கர்சர் ஆகியவை தெரியும். இவற்றில் எது வருகிறது, எது வரவில்லை என்பதே பின்னால் வரும் சோதனைகளுக்கு அடிப்படை.

படி 1: பவர் சப்ளையை அளந்து பாருங்கள்

கணினியுடன் வந்த பழைய பவர் சப்ளையை, அளந்து பார்க்காமல் ஒருபோதும் இணைக்காதீர்கள். அது இரண்டு வகை மின்சாரத்தைத் தருகிறது: 5 வோல்ட் டிசி, 9 வோல்ட் ஏசி. உள்ளே பிசின் ஊற்றி மூடப்பட்டிருப்பதால் வெப்பம் எளிதில் வெளியேறுவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல 5 வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பகுதி பழுதடைந்து, அதைவிட உயர்ந்த மின்னழுத்தம் நேராகக் கணினிக்குள் பாய்கிறது. நினைவகச் சிப்புகள் அதைத் தாங்குவதில்லை.

பிளக்கைக் கணினியில் செருகாமல், மல்டிமீட்டரை டிசிக்கு மாற்றி, 5-ஆம் பின்னுக்கும் தரையிணைப்பான 2-ஆம் பின்னுக்கும் இடையே அளவிடுங்கள். பின்களின் எண்கள் வரிசையாக இல்லாததாலும், கணினியிலுள்ள சாக்கெட்டுக்கான வரைபடம் பிளக்கின் முகத்தில் இடவலமாக மாறித் தெரியும் என்பதாலும், வரைபடத்தைப் பார்த்து உறுதிசெய்த பிறகே அளவிடுங்கள். 4.75 முதல் 5.25 வோல்ட் வரை இருக்கலாம். அதற்கு மேல் காட்டினால் அந்தப் பவர் சப்ளையை இனிப் பயன்படுத்தவே கூடாது. பிறகு மீட்டரை ஏசிக்கு மாற்றி, 6, 7 பின்களுக்கு இடையே அளவிடுங்கள்; சுமை இல்லாத நிலையில் 9 வோல்ட்டைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டுவது இயல்பே.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இப்போது சரியாக அளவு காட்டும் பழைய பவர் சப்ளை, சூடேறிய பிறகு எல்லை மீறக்கூடும். அதனால் புதிதாகத் தயாரிக்கப்பட்ட ஒன்றை வாங்குவதையோ, மின்னழுத்தம் உயர்ந்தால் தானே துண்டிக்கும் பாதுகாப்புச் சுற்றை இடையில் வைப்பதையோ நான் வலியுறுத்திச் சொல்வேன். இந்தப் பழைய கணினிகள் இப்போது தயாரிக்கப்படுவதில்லை.

படி 2: கணினியா, டிவியா?

கார்ட்ரிட்ஜ், ஜாய்ஸ்டிக், டேப் கருவி எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கணினியை மட்டும் இயக்கிப் பாருங்கள். ஆண்டெனா வழியாக இணைத்திருந்தால், புதிய டிவிகள் பலவற்றில் அனலாக் ட்யூனரே இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். பின்புறத்திலுள்ள வட்டமான வீடியோ இணைப்பில் காம்போசிட் கேபிளைப் பொருத்துவதே நல்லது. அப்படியும் ‘சிக்னல் இல்லை’ என்று வந்தால், இக்கணினி அனுப்பும் இன்டர்லேஸ் இல்லாத (வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்து அனுப்பாத) படத்தைச் சில டிவிகள் ஏற்பதில்லை என்பது காரணமாக இருக்கலாம். பழைய குழாய் டிவி ஒன்றில் சோதித்துப் பாருங்கள். படம் உருண்டோடினாலோ வண்ணமின்றி வந்தாலோ, கணினி பால் (PAL) என்ற வண்ண ஒளிபரப்பு முறையிலும் டிவி என்டிஎஸ்சி (NTSC) முறையிலும், அல்லது இதற்கு நேர்மாறாகவும் இருக்கக்கூடும்.

1541 வட்டு இயக்கி வைத்திருப்போருக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. திரை தெரியாவிட்டாலும், வட்டின் பட்டியலைக் கேட்கும் லோட் கட்டளையை (LOAD"$",8) கவனமாகத் தட்டச்சுசெய்து ரிட்டர்ன் விசையை அழுத்துங்கள். இயக்கி சுழன்றால் கணினி உயிருடன் இருக்கிறது; பழுது படத்தை அனுப்பும் பகுதியில்தான்.

படி 3: விளக்கு எரிகிறது, திரை கறுப்பு

பவர் சப்ளையை மின் இணைப்பிலிருந்து எடுத்துவிட்டு மூடியைத் திறந்து, சுவிட்சுக்கு அருகிலுள்ள 1.5 ஆம்பியர் பியூஸைச் சோதியுங்கள். சிவப்பு விளக்கு எரிவதால் பியூஸ் நன்றாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் பலர். விளக்குக்கு மின்சாரம் 5 வோல்ட் பாதையிலிருந்து வருகிறது. பியூஸோ 9 வோல்ட் ஏசி பாதையில் இருக்கிறது. பழைய பலகைகளில் படத்தை உருவாக்கும் விஐசி சிப் அந்த ஏசி பாதையிலிருந்தே மின்சாரம் பெறுவதால், பியூஸ் போனால் விளக்கு எரிந்தபடியே திரை இருண்டுவிடும். பியூஸ் நன்றாக இருந்தும் திரை கறுப்பாகவே இருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது, எந்த நேரத்தில் எந்த நினைவகம் இயங்க வேண்டும் என்பதைத் தேர்வுசெய்யும் பிஎல்ஏ என்ற சிப்பைத்தான்.

படி 4: திரை வருகிறது, ஆனால் கோளாறாக

எழுத்துகள் அனைத்தும் வந்து கர்சர் மட்டும் மினுங்காவிட்டால், முதலாவது 6526 சிப்பைப் பாருங்கள். விசைப்பலகையையும் கர்சரின் மினுக்கத்தையும் இயக்குவது அதுவே. பலகையில் அதே எண்ணுள்ள இரண்டாவது சிப்பும் இருப்பதால், இரண்டும் சாக்கெட்டில் இருந்தால் இடம் மாற்றிப் பாருங்கள். அறிகுறி மாறினால் பழுதான சிப் எதுவென்று தெரிந்துவிடும். சிப்பின் ஒரு முனையிலுள்ள வெட்டு முன்பிருந்த திசையிலேயே இருக்க வேண்டும். எழுத்துகளின் வடிவம் சரியாக இருந்து நிறம் மட்டும் தாறுமாறாக இருந்தால் 2114 என்ற வண்ண நினைவகமும், வடிவமே சிதைந்திருந்தால் எழுத்துகளின் வடிவங்கள் பதிந்துள்ள அழியாத நினைவகமான எழுத்துரு ரோமும் சந்தேகத்துக்குரியவை.

கார்ட்ரிட்ஜ் இல்லாதபோதும் 38911-க்குக் குறைவான எண் வந்தால் நினைவகத்தில் பழுது இருக்கிறது. ஆனால், 38911 என்று வருவதால் நினைவகம் முழுவதும் நலம் என்று கொள்ள முடியாது. தொடக்கச் சோதனை, பேசிக் என்ற நிரல்மொழி பதிந்துள்ள ரோம் தொடங்கும் இடத்தில் நின்றுவிடுகிறது, அதற்கு மேலுள்ள நினைவகத்தை அது தொடுவதில்லை. சில நிமிடங்கள் இயங்கிய பிறகு, நினைவகச் சிப்புகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகச் சூடாக இருந்தால் அதையே முதலில் மாற்றுங்கள். விஐசி, பிஎல்ஏ, ஒலிக்கான சிட் ஆகியவை இயல்பாகவே சூடாகும் என்பதால் அவற்றின் சூட்டைப் பழுதாக எண்ண வேண்டாம். எட்டு நினைவகச் சிப்புகள் கொண்ட பலகைகளில், ‘டெட் டெஸ்ட்’ என்ற சோதனைக் கார்ட்ரிட்ஜைச் செருகினால், திரை எத்தனை முறை மின்னுகிறது என்பதைக் கொண்டு பழுதான சிப்பை அறியலாம்.