முதுகு வளைந்த மீனுக்கு எடுத்தவுடன் மருந்து ஊற்றாதீர்கள்

வேலூரில் வீட்டுத் தொட்டியில் கப்பியும் மோலியும் வளர்ப்பவர்கள், ஒரு மீனின் முதுகு வளைந்தால் பதறிப்போய் கல்லுப்பையும் நீல மருந்தையும் சேர்த்துக் கொட்டிவிடுகிறார்கள். வளைவு தனி நோய் இல்லை, பல கோளாறுகளின் அடையாளம். ஒருமுறை வளைந்த எலும்பை எந்த மருந்தும் நிமிர்த்தாது.

முதலில் மீனை உற்றுப் பாருங்கள். குஞ்சிலிருந்தே வளைந்திருந்து, நன்றாகத் தின்று நீந்தினால் பெரும்பாலும் பிறவிக் கோளாறுதான். ஒரே தொட்டியில் உடன்பிறப்புகளே தலைமுறை தலைமுறையாக இணைசேர்ந்தால் இப்படி வரும். பாவம், அதைக் கொல்ல வேண்டாம். இனப்பெருக்கத்துக்கு விடாமல் தனியாக வளர்த்தால் போதும்.

நேராக இருந்த மீன் மெல்ல வளைந்து, வயிறு ஒட்டி, செதில் உதிர்ந்து, தீனியைத் தொடாமல் மூலையில் ஒதுங்கினால் கதை வேறு. மீன் காசநோயாக இருக்கலாம். நம்பகமான வீட்டு வைத்தியம் இதற்குக் கிடையாது. உடனே பிரித்து வையுங்கள், வலையைப் பொதுவில் பயன்படுத்தாதீர்கள். செத்த மீனை மற்றவை கொத்தித் தின்றாலும் பரவும் என்பதால் கண்டவுடன் எடுத்துவிடுங்கள்.

இதில் நமக்கும் ஆபத்து உண்டு. மீன் காசநோயை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி கையிலுள்ள கீறல் வழியாகப் புகுந்து, சில வாரம் கழித்து ஆறாத கட்டியாக வரும். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும். காயத்தோடு தொட்டிக்குள் கைவிடாதீர்கள், கையுறை போடுங்கள். தண்ணீர் மாற்றும்போது குழாயை வாயால் உறிஞ்சும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அப்புறம், கட்டி வந்து டாக்டரிடம் போனால் வீட்டில் மீன் தொட்டி இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

அதிகம் பேர் கவனிக்காதது தீனி. வைட்டமின் சி குறைந்தாலும் வளரும் மீனின் முதுகெலும்பு வளையும். அந்தச் சத்தோ சூட்டிலும் காற்றிலும் சீக்கிரம் அழியக்கூடியது. பிளாஸ்டிக் கவரில் கட்டித் தரும் உதிரித் தீனியை நம் ஊர்க் கத்திரி வெயிலில் ஜன்னலோரம் மாதக்கணக்கில் வைத்தால் அதில் என்ன மிஞ்சும்? சின்ன டப்பாவாக, தேதி பார்த்து வாங்கி, இறுக மூடி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

தண்ணீரிலும் ஒரு தவறு. போர் தண்ணீர் உப்பு என்று கேன் தண்ணீரை ஊற்றுகிறார்கள். கேன் தண்ணீரில் தாது உப்பு குறைவு. கப்பிக்கும் மோலிக்கும் அது நிறைந்த கடினத் தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும், ஓரளவு கடினமான போர் தண்ணீரே போதும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினை நீக்கிவிட்டு ஊற்றுங்கள்.

வளைந்த மீனைப் பாலாற்றிலோ ஏரியிலோ கொண்டுபோய் விடவே கூடாது. நோய் இருந்தால் அங்கிருக்கும் மீன்களுக்கும் போய்ச் சேரலாம்.