ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற வீடுகளுக்கு: ஃப்ளூ ஊசியை மே மாதமே போட்டுவிடுங்கள்

கம்பத்திலிருந்து கேரள ஏலத்தோட்டங்களுக்குக் கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறுகிற ஜீப்பில் விடிகாலையில் போகிறவர்களுக்குத் தெரியும், சாரல் அடிக்கிறதென்று படுதாவை இறக்கிக் கட்டிவிட்டால் உள்ளே ஒருத்தர் இருமினாலும் நெடுங்கண்டம் வரை எல்லோரும் அந்தக் காற்றைத்தான் இழுக்க வேண்டும். அப்படி நான் வாங்கிவந்த காய்ச்சலில் படுத்தது அம்மா. அவருக்குச் சர்க்கரை வேறு, பத்து நாள் எழவில்லை. அடுத்த வருடம் வீட்டோடு ஊசி போட்டுக்கொண்டோம்.

கேரளாவில் மழை ஜூன் தொடக்கத்தில் இறங்கும், கூடவே ஃப்ளூவும் ஏறும். ஊசி வேலைசெய்ய இரண்டு வாரம் ஆகும், அதனால்தான் மே. விட்டுப்போனாலும் சரி, மழைக்கு நடுவில் போட்டாலும் பலன் உண்டு. கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் எந்த வகைகளைச் சேர்ப்பதென்று புதிதாகச் சொல்கிறது, போன வருடத்து ஊசியை நம்பி இருக்காதீர்கள்.

பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கும். மெடிக்கலில் வாங்கிவரச் சொன்னால் கவனம், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது, வெயிலில் பையில் கிடந்தாலும் கெடும், ஐஸில் உறைந்தாலும் கெடும். ஃப்ரிட்ஜ் வைத்திருக்கும் ஆஸ்பத்திரியிலேயே போட்டுக்கொள்வது நல்லது.

6 மாதக் குழந்தையிலிருந்து போடலாம். 9 வயதுக்குள் முதல்முறை என்றால் 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி. வயதானவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் முந்திக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் எந்த மாதத்திலும் போடலாம், அது பிறக்கப்போகும் பிள்ளைக்கும் சேர்த்துப் பாதுகாப்பு.

ஊசியே காய்ச்சலைக் கொண்டுவரும் என்று ஜீப்பிலேயே சொல்வார்கள். ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த கிருமி, அதனால் ஃப்ளூ வராது. கைவலியும் லேசான சூடும் ஓரிரு நாள் இருக்கும். அம்மா இரண்டு நாள் இடது கையால் குடம் தூக்கவில்லை, மூன்றாம் நாள் தூக்கிவிட்டார். கடுமையான ஒவ்வாமை பத்து லட்சத்தில் ஓரிருவருக்குத்தான், அதற்காகத்தான் போட்டபின் கால் மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்கிறார்கள். முன்பு ஏதாவது ஊசிக்கு மூச்சு முட்டியிருந்தால், கைகால் தளர்ந்துபோகும் கில்லன் பாரே என்ற நரம்பு நோய் வந்திருந்தால், டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முழுக்கத் தடுக்குமா? இல்லை. கிருமியோடு ஊசி ஒத்துப்போகிற வருடங்களில் ஆஸ்பத்திரி வரை போக வைக்கும் ஃப்ளூவை நூற்றுக்கு 40 முதல் 60 வரை குறைக்கும், சாதாரண சளிக்கு அது கேட்காது. ஊசி போட்டும் திடீரென்று உடம்பு முறிகிற மாதிரிக் காய்ச்சல் அடித்தால் மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்காமல் 48 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள், ஃப்ளூ கிருமிக்கான ஓசெல்டாமிவிர் மருந்தை அதற்குள் ஆரம்பித்தால்தான் நன்றாகக் கேட்கும். மூச்சு வாங்கினால் அன்றைக்கே போங்கள்.