போர்ச்சுகல் போகிறீர்களா? தட்டிலும் கோப்பையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லிஸ்பனில் முதல் நாள் இரவு. உணவகத்தில் உட்கார்ந்ததுமே, கேட்காமல் ஒரு கூடை ரொட்டி, ஆலிவ் காய், வெண்ணெய், வட்டமாக ஒரு சின்ன சீஸ் எல்லாம் மேசைக்கு வந்துவிட்டன. இலையோடு ஊறுகாய் வருவது போல இதுவும் சாப்பாட்டோடு சேர்த்திதான் என்று நினைத்துச் சாப்பிட்டோம். பில்லில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை இருந்தது. யாரும் ஏமாற்றவில்லை, அந்த ஊர் வழக்கம் அது. ‘கூவெர்’ என்ற தலைப்பில் மெனுவிலேயே விலை போட்டிருப்பார்கள். கேட்காமல் வந்ததைத் தொடாமல் விட்டால் காசு வாங்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. வேண்டாததை வந்தவுடன் திருப்பிக் கொடுத்துவிடலாம், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ரொட்டியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். யாழ்ப்பாணத்தில் இன்றும் ‘பாண்’ என்கிறார்களே, அந்தச் சொல் இந்தக் கூடையிலிருந்துதான் கப்பலேறியது.

கூவெரில் போவது சில யூரோ. அதைவிடப் பெரிய நட்டம், பயணத் திட்டம் போடும்போதே நேர்ந்துவிடுகிறது. காலையில் பழைய கட்டடங்கள், மதியம் எங்கேயாவது சாப்பாடு, ஒரு நாள் மாலை ஒயின் சுவைத்தல் என்று மூன்றையும் தனித்தனிப் பெட்டியில் போட்டுவிடுகிறோம். இந்த நாட்டில் மூன்றும் ஒரே சங்கதி. மடத்துச் சமையலறையைப் பார்க்காமல் அங்கத்திய இனிப்பு புரியாது. ஆற்றைப் பார்க்காமல் ஒயின் புரியாது.

லிஸ்பனின் பெலேம் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். முட்டைக் கஸ்டர்ட் நிரப்பிய ‘பஸ்டெல் டி நாடா’வுக்காக அங்கே ஒரு பழைய கடை வாசலில் நீண்ட வரிசையில் நிற்கிறார்கள், பெட்டியில் வாங்கி, ஓட்டல் அறையில் ஆறிப்போனதைத் தின்கிறார்கள். அடுப்பிலிருந்து வந்த சூட்டோடு, லவங்கப்பட்டைத் தூளைத் தூவி, அங்கேயே நின்று சாப்பிட வேண்டிய பண்டம் அது. மேலோடு நொறுங்க வேண்டும், உள்ளே தளதளவென்று இருக்க வேண்டும். சாப்பிட்ட கையோடு பக்கத்திலேயே இருக்கும் ஜெரோனிமூஸ் மடத்துக்குள் போங்கள். 1834-ல் நாட்டின் மடங்களை அரசு மூடியது. அதன்பின் இந்த மடத்துப் பக்குவம் வெளியே வந்து, 1837 முதல் அந்தக் கடையில் விற்பனையாகிறது. கன்னிமாடங்களில் உடுப்புகளுக்குக் கஞ்சி போட முட்டையின் வெள்ளைக்கருவைப் பயன்படுத்தினார்கள், மிஞ்சிய மஞ்சள் கருவெல்லாம் இனிப்பாயிற்று என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. அவெய்ரோ ஊரின் ‘ஓவுஷ் மோலிஷ்’ போல இத்தனை மடத்து இனிப்புகள் மஞ்சளாக இருப்பதன் கதை அதுதான்.

அந்த மடத்தின் கல் ஒவ்வொன்றிலும் நம் கடற்கரையின் மிளகு இருக்கிறது. 1501-ல் மன்னர் மானுவேல் கட்டத் தொடங்கியபோது, கிழக்கிலிருந்து வந்த வாசனைச் சரக்குகள் மீதான வரிதான் செலவுக்கு உதவியது. வாஸ்கோ ட காமாவின் கல்லறையும் உள்ளேதான். அவர் இறந்தது 1524-ல் கொச்சியில். முதலில் புதைக்கப்பட்டதும் அங்கேதான். இதையெல்லாம் பார்க்கத் திங்கட்கிழமை போய் நிற்காதீர்கள், மடம் மூடியிருக்கும். பல அருங்காட்சியகங்களுக்கும் அன்றுதான் விடுமுறை.

லிஸ்பனுக்குப் பக்கத்து ஊரான சின்ட்ராவில் எல்லோரும் மலைமேல் இருக்கும் பேனா அரண்மனைக்கு ஓடுகிறார்கள். சீட்டில் போட்டிருக்கும் நேரம் அரண்மனை வாசலில் நிற்க வேண்டிய நேரம். தோட்டத்து வாசலிலிருந்து மேடேறவே அரை மணி ஆகலாம். அதைக் கணக்கில் எடுக்காமல் சீட்டை வீணாக்குகிறவர்கள் நிறைய. எனக்குப் பிடித்தது ஊருக்குள் இருக்கும் பழைய அரண்மனைதான். வெளியே தெரியும் இரண்டு வெள்ளைக் கூம்புகளும் சமையலறைப் புகைபோக்கிகள், ஒவ்வொன்றும் 33 மீட்டர் உயரம். உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள், அரசர் வீட்டு விருந்து எவ்வளவு பெரிது என்று தெரியும். அல்கோபாசா மடம் இன்னும் ஒரு படி மேல். 1153-ல் தோன்றிய அந்த மடத்தின் சமையலறைக்குள் ஆற்றுநீர் ஓட வாய்க்காலே வெட்டியிருக்கிறார்கள். பயண நிறுவனங்களின் ஒருநாள் சுற்றில் அங்கே இருபது நிமிடம் கொடுத்தால் அந்தச் சுற்றே வேண்டாம்.

சாப்பாட்டில் செய்யும் தவறுகள் பெரும்பாலும் நேரத்திலும் அளவிலும்தான். மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்குத் தொடங்கி மூன்று மணிக்கு ஓயும். இரவு ஏழரைக்கு முன் நல்ல சமையலறைகள் திறக்காது. ஐந்து மணிக்குப் பசியோடு அலைந்தால், வாசலில் படம் போட்ட மெனுவோடு ஆள் நின்று கூப்பிடும் கடைதான் கிடைக்கும். ‘பிராட்டு டு டியா’, அதாவது அன்றைய சாப்பாடு, மதியம்தான் மலிவு. ‘மெய்யா டோஸ்’ என்று கேட்டால் பாதி அளவு தருவார்கள். பல இடங்களில் அந்தப் பாதியே ஒருவருக்குப் போதும். கண்ணாடிப் பெட்டியில் பனிக்கட்டி மேல் கிடக்கும் மீனைக் கைகாட்டிச் சுடச் சொல்வதற்கு முன் எடை போடச் சொல்லுங்கள். விலை கிலோவுக்கு.

மத்தி மீனுக்குப் பருவம் உண்டு. ஜூனில் கொழுப்பேறும், ஜூன் 12 இரவு புனித அந்தோணியார் விழாவுக்கு லிஸ்பன் தெருவெங்கும் கரியடுப்பில் மத்தி வாட்டுவார்கள். ஜனவரியில் கேட்டால் உறைபெட்டி மீன்தான். குளிர்காலத்துக்கு ‘பக்கல்யாவ்’ இருக்கிறது. காட் மீனின் உப்புக் கருவாடு. அந்த மீன் போர்ச்சுகல் கடலில் கிடைப்பதே இல்லை. நியூஃபவுண்ட்லாந்து வரை கப்பலோட்டிப் பிடித்து வந்தார்கள். இன்று நார்வேயும் ஐஸ்லாந்தும் அனுப்புகின்றன. உப்புக்கரிக்கும் என்று பயந்து ஒதுக்காதீர்கள். ஒருநாளுக்கு மேல் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்துத்தான் சமைப்பார்கள். முதல் முறை என்றால் ‘ஆ பிராஷ்’ வகை: உதிர்த்த மீன், குச்சிபோல் நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு, முட்டை.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘கால்டு வெர்ட்’ என்ற கீரைச் சூப்பில் பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். ‘சைவம்’ என்று பொதுவாகச் சொல்வதைவிட ‘சென் கார்ன், சென் பெய்ஷ்’ என்று, இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என விவரமாகச் சொல்லி, தொத்திறைச்சி சேர்த்திருக்கிறதா என்றும் தனியாகக் கேளுங்கள். பன்றி சாப்பிடாதவர்கள் ‘அல்யெய்ரா’வையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கட்டாய மதமாற்றத்துக்கு ஆளான யூதர்கள், பன்றி தின்பதுபோல் காட்டிக்கொள்ளக் கோழியையும் ரொட்டியையும் அடைத்துச் செய்த தொத்திறைச்சி என்று அதன் பிறப்பைச் சொல்வார்கள். இன்று பலர் அதில் பன்றியும் சேர்க்கிறார்கள்.

ஒயினுக்கு வருகிறேன். போர்ட் ஒயினை போர்ட்டோ நகரில் தேடுவது முதல் தவறு. பீப்பாய்க் கிடங்குகள் டோரு ஆற்றுக்கு அக்கரையில், விலா நோவா டி காயாவில் இருக்கின்றன. 1886-ன் இரும்புப் பாலத்தில் நடந்தே போகலாம். ‘பீப்பாய்’ என்று நாம் சொல்வதே அவர்களுடைய ‘பீப்பா’தான், டோரு பள்ளத்தாக்கில் இன்றும் அது அளவுப் பெயர், சுமார் 550 லிட்டர். திராட்சை விளைவது நூறு கிலோமீட்டருக்கு அப்பால், சுட்டெரிக்கும் பாறைச் சரிவுகளில். பாதி நொதிக்கும்போதே திராட்சைச் சாராயத்தை ஊற்றி நொதித்தலை நிறுத்திவிடுவார்கள். அதனால் இனிப்பு தங்குகிறது, ஆல்கஹாலும் 20 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. சாதாரண ஒயின் போல் கோப்பை நிறைய ஊற்றிக் குடித்தால் மறுநாள் காலை வீண்.

வாங்கும்போது வகை பார்த்து வாங்குங்கள். மரப்பீப்பாயில் பல ஆண்டுகள் கிடந்து பழுப்பேறிய ‘டானி’ திறந்தபின்னும் வாரக்கணக்கில் தாங்கும். ‘விண்டேஜ்’ திறந்தால் ஓரிரு நாளில் தீர்க்க வேண்டும், அடியில் வண்டலும் இருக்கும். விலை அதிகம் என்பதற்காக விண்டேஜை வாங்கிவந்து, விசேஷத்துக்கு விசேஷம் ஒரு மடக்கு என்று வைத்திருந்து கெடுத்தவர்களை எனக்குத் தெரியும். ‘வீன்யு வெர்ட்’ என்றால் பச்சை ஒயின் என்று பொருள், நிறம் பச்சையில்லை; வடமேற்கு மாவட்டங்களில் இளசாகக் குடிக்கும் ஒயின், நாக்கில் லேசாகக் கிள்ளும், பொரித்த மீனோடு பிரமாதமாகப் போகும்.

காயாவோடு திரும்பிவிடாதீர்கள். போர்ட்டோவிலிருந்து டோரு பள்ளத்தாக்கின் பின்யாவுங் ஊர் வரை ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். போகும்போது வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் ஆறு கூடவே வரும். 1756-லேயே எல்லை வகுத்துக் காத்த திராட்சை நாடு அது. வாடகைக் காரில் போய்ச் சுவைப்பது ஆபத்து. வளைவுகள் கடுமை, ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹாலுக்கு மேல் போனால் குற்றம்.

எல்லை வகுத்தவர் அன்றைய அமைச்சர் பொம்பால் பிரபு. அதற்கு முந்தைய ஆண்டு, 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாளன்று, நிலநடுக்கமும் தீயும் ஆழிப்பேரலையும் லிஸ்பனை அழித்தபோது நகரைத் திரும்பக் கட்டியவரும் அவரே. இது தெரியாமல் பாய்ஷா பகுதியின் நேர்கோட்டுத் தெருக்களில் நடந்தால் வெறும் கடைவீதியாகத்தான் தெரியும். முதலில் கார்மு மடத்துக்குப் போங்கள். கூரை விழுந்த அந்தத் தேவாலயத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். வளைவுகளுக்கு மேலே வானம். அதன்பின் இறங்கி பாய்ஷாவில் நடந்தால் தெரு ஒவ்வொன்றும் வேறாகத் தெரியும். வழவழப்பான சுண்ணாம்புக்கல் நடைபாதை மழையில் வழுக்கும், பிடிமானமுள்ள செருப்பு அவசியம். 28-ஆம் எண் டிராமில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

நவம்பரில் போக முடிந்தால் தெற்கே இருக்கும் அலென்டேஜு பகுதியை விட்டுவிடாதீர்கள். ரோமானியர் காலத்து வழக்கப்படி அங்கே ஆளுயர மண்தாழியில் ஒயின் நொதிக்கிறது. அவர்கள் அதைத் ‘தால்யா’ என்கிறார்கள். நம் தாழியோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல்தான், ஆனாலும் கேட்டபோது மனசு நிறைந்தது. புனித மார்ட்டின் நாளான நவம்பர் 11-ல் தாழி திறப்பார்கள். விடிகெய்ரா ஊர்ப்பக்கம் அன்று போனால், சுட்ட செஸ்ட்நட் கொட்டையோடு ஒயின் தாழியிலிருந்து நேராகக் கோப்பையில் வரும். நவம்பர் 10-ல் ஊர் திரும்ப டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.